டுடோரியலில் யாரும் மறுத்துப் பேசுவதில்லை, ஒரு வழி சொல்லுங்கள்

வணக்கம். சிங்கப்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் அரசியல் தத்துவ வகுப்பு எடுக்கிறேன். 13 வாரப் பருவத்தில் இது 6ஆம் வாரம். டுடோரியலில் 22 பேர். கட்டுரை பிரமாதமாக எழுதுகிறார்கள், ஆனால் ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுப்பதே இல்லை.

கி.மு. 399இல் சாக்ரடீஸ் மீது நடந்த வழக்கை நடிக்க வைத்தேன். எல்லாரும் அவர் பக்கமே நின்றார்கள். சரி, ஊர் விஷயம் பேசலாம் என்று 1989இல் வந்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) இன ஒருங்கிணைப்புக் கொள்கையை, அதாவது அரசு அடுக்குமாடி வீடுகளில் ஒவ்வோர் இனத்துக்கும் வரம்பு வைக்கும் விதியை, எடுத்தேன். "இரண்டு பக்கமும் நியாயம் இருக்கு" என்று இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். பெயர் போடாமல் துண்டுச்சீட்டில் எழுதச் சொன்னபோதுதான் அனல் பறந்தது! அதையே வாய்விட்டுச் சொல்லுங்கள் என்றதும் மறுபடி மௌனம். (கோப்பிக்கடையில் இதே பிள்ளைகள் விடாமல் வாதாடுகிறார்கள்.) 21 வயதில் வாக்களிக்கப் போகிறவர்கள்.

சீட்டில் எழுதியதை முகம் பார்த்துப் பேச வைக்க, உங்கள் வகுப்பில் எது பலித்தது?