எலுமிச்சம்பழ பேட்டரி: மீட்டர்ல 3.4 வோல்ட் காட்டுது, ஆனா எல்இடி எரிய மாட்டேங்குது, யாராச்சும் ஹெல்ப் பண்ணுங்க

பழையவண்ணை அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். பையனுக்கு 9 வயசு, ரெண்டு வருஷமா ஸ்கூல் இல்லாம வீட்லயே படிக்க வெக்கிறோம். நேத்து எலுமிச்சம்பழத்துல கரண்ட் எடுக்கலாம்னு உக்காந்தோம். 4 பழம், ஒவ்வொண்ணுலயும் ஒரு ஜிஐ ஆணி (மேல ஜிங்க், அதாவது துத்தநாகம் பூசுன இரும்பு ஆணி), ஒரு செம்புக் கம்பி குத்தி, இந்த பழத்து ஆணிய அடுத்த பழத்து செம்போட கிளிப் போட்டு வரிசையா இழுத்துட்டேன். கம்பி எங்க தெருமுனைல இருக்குற மோட்டார் ரீவைண்டிங் கடைல சும்மாவே குடுத்தாங்க, புது நகை மாதிரி பளபளன்னு இருக்கு. மல்டிமீட்டர் வெச்சா கரெக்டா 3.4 காட்டுது, எல்இடி மாட்டுனா ஒண்ணுமே இல்ல. ராத்திரி 11 மணி வரைக்கும் மாத்தி மாத்தி பாத்தாச்சு. பையன் நோட்ல "மீட்டர் பொய் சொல்லுது"ன்னு முடிவு எழுதி வெச்சுட்டு படுத்துட்டான். எனக்கு தான் தூக்கம் வரல.

மிளகு ரசம்:
எல்இடிய தலைகீழா மாட்டிருப்பீங்க. நீளமான கால் செம்பு பக்கம் வரணும், சின்ன கால் ஆணி பக்கம்.

பழையவண்ணை அம்மா:
ரெண்டு பக்கமும் திருப்பி பாத்துட்டேன் ப்ரோ.

பெரம்பூர் டீச்சர்:
என்ன கலர் எல்இடிம்மா? வெள்ளை, நீலம்லாம் 3 வோல்ட் கிட்ட கேக்கும், சிவப்புக்கு 1.8 இருந்தாலே போதும். சீரியல் செட்ல இருந்து புடுங்குன வெள்ளை லைட்டா இருந்தா அத தூக்கி போடுங்க.

பழையவண்ணை அம்மா:
சிவப்பு தான் டீச்சர். ரிமோட் செல்லு ரெண்டு வெச்சு பாத்தேன், நல்லாவே எரியுது.

சும்மா ஒருத்தன்:
கம்பிக்கு பதிலா ஒரு ரூபா காசு சொருகி பாருங்க, நாங்க சின்ன வயசுல அப்டி தான் பண்ணுவோம்.

மிளகு ரசம்:
இப்ப வர்ற ஒரு ரூபா காசு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாஸ், செம்பு இல்ல. உள்ளது போதாதுன்னு இன்னொரு குழப்பத்த இழுக்காதீங்க.

பெரம்பூர் டீச்சர்:
ஒண்ணு பண்ணுங்கம்மா. எல்இடி மாட்டுன மேனிக்கே மீட்டர வெச்சு எவ்ளோ காட்டுதுன்னு சொல்லுங்க. அப்புறம் பழம் எல்லாம் ஒரே தட்டுல சாறு ஒழுகி ஒட்டிகிட்டு இருக்கா? அப்டி இருந்தாலும் வழியிலயே கசிஞ்சுடும்.

பழையவண்ணை அம்மா:
பழம் எல்லாம் தனித்தனி கிண்ணத்துல தான் இருக்கு. எல்இடியோட வெச்சா 1.6, கழட்டுனா திரும்பவும் 3.4!! இது என்னங்க கூத்து?

பெரம்பூர் டீச்சர்:
அப்ப மீட்டர் மேல தப்பு இல்ல. மாடி டேங்க் ஃபுல்லா தான் இருக்கு, ஆனா குழாய்ல அழுக்கு அடைச்சிகிட்டு சொட்டு சொட்டா வருதுன்னு வெச்சுக்கோங்க. மீட்டர் கிட்டத்தட்ட தண்ணியே குடிக்காம உயரத்த மட்டும் பாத்து சொல்லுது. எல்இடி தண்ணி குடிக்கணும், அங்க தான் மாட்டிக்குது. எங்கயோ அடைப்பு இருக்கு, ஆனா எங்கன்னு எனக்கு பிடிபடல.

காயில் கட்றவன்:
அக்கா, நம்ம தொழிலே ரீவைண்டிங் தான், கொருக்குப்பேட்டை. அந்த கம்பில தான் மேட்டரே கீது. அது வெறும் செம்பு இல்ல, மேல கண்ணுக்கே தெரியாத மாரி கரண்ட் விடாத எனாமல் பூசிருப்பாங்க, அது இல்லன்னா காயில் சுத்தும்போது ஒரு சுத்தும் இன்னொரு சுத்தும் ஒட்டி ஷார்ட் ஆகி மோட்டார் பொகைஞ்சிடும். நீங்க பழத்துல குத்துன கம்பில வெட்டுன முனை மட்டும் தான் செம்பு, மிச்சம் பூரா சட்டை போட்டுகினு உக்காந்துகினு கீது. முனை பட்டா வோல்ட் காட்டும், ஆனா அந்த ஊசி முனை வழியா எவ்ளோ கரண்ட் வரும் சொல்லுங்க? கிளிப் பக்கம் பல்லு கடிச்சு எனாமல் உரிஞ்சிருக்கும், அதான் மீட்டர் காட்டுது. நம்பலன்னா மீட்டர பீப் சத்தம் வர்ற எடத்துல வெச்சு கம்பி நடுவுல ரெண்டு முள்ளையும் லேசா தொட்டு பாருங்க. சத்தமே வராது. உப்புத்தாள் வெச்சு நல்லா தேச்சு மங்கலா ரோஸ் கலர் வந்தப்புறம் தொடுங்க. நெருப்புல மட்டும் காட்டாதீங்க, அந்த பொகை புள்ளைங்களுக்கு ஆவாது.

மிளகு ரசம்:
அண்ணன் கண்டுபுடிச்சுட்டாரு. தேய்க்க சோம்பேறித்தனமா இருந்தா வீட்டு வொயரிங் ஒயர் துண்டு வாங்கி மேல பிளாஸ்டிக்க உரிச்சா உள்ள சுத்தமான செம்பு இருக்கும்.

பழையவண்ணை அம்மா:
அண்ணா கும்புடுறேன்!! காலைல எந்திரிச்சதும் பையன் கைல மீட்டர குடுத்துட்டேன். கம்பி நடுவுல தொட்டான், சத்தம் இல்ல. தேச்சான், தொட்டான், கீ...ன்னு கத்துச்சு. திரும்ப தேய்க்காத எடம், சத்தம் இல்ல. இந்த ஒண்ணையே முக்கா மணி நேரம் விளையாடிகிட்டு இருந்தான், எலுமிச்சம்பழத்த மறந்தே போயிட்டான். அப்புறம் ரெண்டு விரல் நீளத்துக்கு தேச்சு, மடிச்சு நாலு கம்பியும் குத்துனோம். பழத்த நல்லா உருட்டி சாறு உள்ள உடையவிட்டுட்டு குத்துனது கொஞ்சம் ஹெல்ப் பண்ணுச்சுன்னு தோணுது. மங்கல் தான், பகல்ல தெரியல, கட்டிலுக்கு அடில போர்வைய போத்திகிட்டு உள்ள போயி "எரியுதும்மா"ன்னு அவன் கத்துன கத்துல மாமியார் சாமி ரூம்ல இருந்து ஓடி வந்துட்டாங்க. நோட்ல "மீட்டர் பொய் சொல்லுது"ன்றத அடிச்சுட்டு "கம்பி பொய் சொல்லுச்சு"ன்னு எழுதிருக்கான்.

பெரம்பூர் டீச்சர்:
சூப்பர். அந்த அடிச்ச வரிய அழிச்சுடாதீங்க, அப்டியே இருக்கட்டும். இன்னொண்ணு, கரண்ட் பழத்துல இருந்து வருதுன்னு புள்ள நெனச்சுக்கும். ஆணி மேல இருக்குற ஜிங்க் கரையுது பாருங்க, சத்து அதுல இருந்து தான். பழம் நடுவுல வழி விடுது, அவ்ளோ தான். 1800ல வோல்ட்டா முதல் பேட்டரி செஞ்சப்ப பழமே கிடையாது, உலோகத் தட்டு ரெண்டு வகை, நடுவுல உப்புத்தண்ணி நனைச்ச துணி. பழம் விக்கிற விலைக்கு அடுத்த தடவ ஐஸ் ட்ரேல உப்புத்தண்ணி ஊத்தி பாருங்க, ஆனா ஒரு குழில இருந்து அடுத்த குழிக்கு வழியக்கூடாது.

பழையவண்ணை அம்மா:
சரிங்க டீச்சர். ஒரு டவுட், மாமியார் கேக்குறாங்க, அந்த நாலு பழத்தையும் ஊறுகாய்க்கு போட்டுக்கலாமான்னு?

காயில் கட்றவன்:
வேணாம்க்கா. ஜிங்க் கரைஞ்சி உள்ள எறங்கிருக்கும், எனாமல் தூளு வேற. குப்பைல போட்டுடுங்க.

பழையவண்ணை அம்மா:
சொல்லிட்டேன். மூஞ்சிய தூக்கி வெச்சுகிட்டு உக்காந்திருக்காங்க.