லெவல் கணக்கும் சண்டை விதியும்: ரெண்டு பேர் 60இலை, மிச்சப்பேர் 12இலை. எப்பிடித் திருத்தலாம்?

செம்பாட்டு_வெங்காயம்

டிஸ்கோர்ட் எண்ட அரட்டைச் செயலியிலை உயிரி வளர்க்கிற ரோல்பிளே (பாத்திரமா நிண்டு எழுதி விளையாடுற) குழு ஒண்டு நடக்குது. 14 பேர். ஒன்பது பேர் யாழ்ப்பாணத்திலை, மிச்சம் லண்டனும் ரொறன்ரோவும். களம் எல்லாம் எங்கடை இடங்கள்தான்: பண்ணைக் கடல், வல்லிபுர மணல், நெடுந்தீவு. உயிரியளும் நாங்களே உருவாக்கினது. போக்கிமோன் வீடியோ கேம் மாதிரி நீர், நிலம், தாவரம் எண்டு வகை இருக்கு, ஆனால் ஓடுற கேம் ஒண்டும் இல்லை. எல்லாம் எழுத்துத்தான்.

இப்பத்தைய விதி: ஒரு சண்டை வெண்டால் ஒரு லெவல். மூண்டு மாசத்திலை ரெண்டு பேர் 60இலை நிக்கினம், மிச்சப்பேர் 12க்குக் கிட்ட. புதுசா வாற ஆக்களை அடிச்சடிச்சே ஏறினவை. மற்றது, சில சண்டை முடிய ரெண்டு கிழமை எடுக்குது. எந்த அடி அடிச்சாலும் "விலகிக்கொண்டது" எண்டு எழுதிப்போட்டுப் போகினம். போக்கிமோன் கேமிலை இருக்கிற சூத்திரத்தை அப்பிடியே கொண்டு வரலாமோ?

கருக்குமட்டை

அப்பிடியே கொண்டு வந்தால் ஒரு கிழமையிலை கைவிடுவியள். போக்கிமோனிலை மீடியம் ஃபாஸ்ட் எண்ட வளர்ச்சி வகைக்கு மொத்த அனுபவப்புள்ளி லெவலின்ரை கனம் (லெவல் × லெவல் × லெவல்). 10க்கு 1000, 11க்கு 1331, 50க்கு 125,000, 51க்கு 132,651. அதாவது 10இலை இருந்து 11க்கு 331 போதும், 50இலை இருந்து 51க்கு 7651 வேணும். மேலை போகப்போக விலை ஏறவேணும் எண்ட யோசனையை மட்டும் எடுங்கோ, கனத்தை விடுங்கோ. எழுத்துக் குழுவுக்கு இது காணும்:

அடுத்த லெவலுக்கு வேண்டியது = இப்ப இருக்கிற லெவல் × 10
வெண்டால் = எதிராளியின்ரை லெவல் × 4
தோத்தால் = எதிராளியின்ரை லெவல் × 2
எதிராளி 5 லெவலுக்கு மேலாக் கீழை நிண்டால் வாறதிலை கால்வாசி. 10க்கு மேலாக் கீழை நிண்டால் ஒண்டுமில்லை.

20 லெவல் ஆள் இன்னொரு 20ஐ வெண்டால் 80. வேண்டியது 200, ஆக மூண்டு வெற்றி. அதே ஆள் 12ஐ வெண்டால் 48இலை கால்வாசி, 12 புள்ளிதான். ஒரு லெவலுக்கு 17 சண்டை. ஆரும் அதுக்கு மினக்கெட மாட்டினம். அந்த 12 லெவல் ஆள் 20இட்டைத் தோத்தாலும் 40 கிடைக்குது, மூண்டு தோல்வியிலை 13க்குப் போயிடும்.

தோல்விக்கு ஏன் புள்ளி எண்டு கட்டாயம் சண்டை வரும், விட்டுக்குடுக்காதேங்கோ. புள்ளி இல்லையெண்டால், தோக்கப்போறன் எண்டு தெரிஞ்ச உடனை ஆள் பதில் போடாமல் ஒளிச்சிடும். உங்கடை ரெண்டு கிழமையிலை பாதி அதாத்தான் இருக்கும். எழுத்துக்கும் குடுங்கோ: 150 சொல்லுக்குக் குறையாத பயிற்சிப் பதிவுக்கு 15 புள்ளி, கிழமைக்கு மூண்டு பதிவு மட்டும்.

60இலை நிக்கிற ரெண்டு பேரையும் இறக்காதேங்கோ, கோவிச்சுக்கொண்டு போயிடுவினம். சண்டைக்குள்ளை மட்டும் சமப்படுத்துங்கோ. போக்கிமோனின்ரை விஜிசி எண்ட அதிகாரபூர்வப் போட்டியளிலை எல்லா உயிரியையும் லெவல் 50 ஆக்கித்தான் விளையாடுறது. நீங்கள் "இது 20 சண்டை" எண்டு முதலே அறிவிச்சால் 60உம் 20 ஆகத்தான் அடிக்கும். புள்ளியை மட்டும் உண்மையான லெவலிலை பாருங்கோ.

பாக்குநீரிணை

லெவலைக் கருக்குமட்டை பார்த்துவிட்டார். சண்டை நடத்தும் முறைக்கு வருகிறேன்.

விலகல் பிரச்சினைக்கு ஒரே மருந்து, பதிவு முயற்சியோடு நிற்க வேண்டும். திருக்கையான், செம்பாட்டான் என்று இரண்டு உயிரிகள் என்று வையுங்கள். "திருக்கையான் வாலைச் சுழற்றி அடித்தது, செம்பாட்டான் விழுந்தது" என்று எழுதக் கூடாது. "வாலைச் சுழற்றிக் கால்களைக் குறிவைக்கிறது", அவ்வளவுதான். பட்டதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். பட்ட பிறகு எப்படி விழுந்தது என்று எழுதும் உரிமை அடி வாங்கியவருக்கு. அந்த உரிமையைக் கொடுத்தால் விலகும் ஆசை தானாகக் குறையும்.

உயிர்ப்புள்ளி = 40 + லெவல் × 2. அடி மூன்று வகை: மெல்லியது 10, நடுத்தரம் 15, பலமானது 25. அதோடு லெவலின் காற்பங்கைக் கூட்டுங்கள், பின்னத்தை விடுங்கள். டிஸ்கோர்ட் பொட்டில் (bot, தானியங்கி நிரல்) 20 முகப் பகடை உருட்டுங்கள். மெல்லியது 1 விழுந்தால் மட்டும் தவறும், நடுத்தரம் 1 முதல் 3 வரை, பலமானது 1 முதல் 7 வரை. பலமான அடி ஒரு சண்டைக்கு இரண்டு தடவைதான். 20 விழுந்தால் ஒன்றரை மடங்கு. இந்தக் கணக்கில் 20 லெவல் சண்டை நடுத்தர அடியால் சராசரியாக ஐந்து சுற்றில் முடியும்.

வகைப் பலம் (நீர் நிலத்துக்குப் பலம் என்பது போல) கேமில் இரண்டு மடங்கு. இங்கே ஒன்றரைக்கு மேல் போகாதீர்கள். 20 லெவலில் நடுத்தர அடி 20. இரண்டு மடங்கும் பகடையில் 20உம் சேர்ந்தால் 60 ஆகிவிடும், எதிராளியிடம் இருப்பதே 80. ஒரு பதிவு எழுதிய கையோடு முக்கால் உயிர் போனால் யார் எழுதுவார்?

ஒரு சுற்று இப்படி: திருக்கையான் (நீர், 22) செம்பாட்டானை (நிலம், 20) நடுத்தரமாக அடிக்கிறது. 22இன் காற்பங்கு 5, ஆக 20. பகடையில் 11, பட்டது. நீர் நிலத்துக்குப் பலம், 20 × 1.5 = 30. செம்பாட்டான் 80இலிருந்து 50.

பின்னத்தைக் கடைசியில் ஒரே ஒரு முறை வெட்டுங்கள். அடி 17, வகைப் பலம் 1.5, பகடை 1.5 என்றால் 38.25, ஆக 38. படிக்குப் படி வெட்டினால் 25, பிறகு 37. ஒரு புள்ளிதான், ஆனால் எதிராளி ஒரு புள்ளியோடு உயிர் தப்பி நிற்கும்போது அதுதான் முழு இரவும் வாக்குவாதம்.

அடியால் வரும் நிலைகள்: தூக்கம் (உயிரி அடிக்க முடியாமல் கிடப்பது) கேமில் ஒன்று முதல் மூன்று சுற்று வரை. அங்கே அது சொற்ப நேரம், இங்கே சுற்றுக்கு ஒரு நாள் என்றால் மூன்று நாள் ஒருவர் சும்மா இருக்க வேண்டும். ஒரு சுற்றோடு நிறுத்துங்கள். முடக்கம் என்றால் நாலில் ஒரு தடவை அடிக்க முடியாது, அதாவது பகடையில் 1 முதல் 5 விழுந்தால். நஞ்சு சுற்று முடிவில் மொத்த உயிரில் எட்டில் ஒரு பங்கைக் குறைக்கும்.

நேரம்: இருவரும் அடியை நடுவருக்குத் தனிச்செய்தியாக அனுப்பட்டும், நடுவர் ஒன்றாகத் திறக்கட்டும். மாறிமாறிக் காத்திருப்பது பாதியாகும், எதிராளியின் அடியைப் பார்த்துவிட்டுத் தன் அடியை மாற்றுவதும் நிற்கும். கெடு யாழ்ப்பாண நேரம் இரவு 8. ரொறன்ரோவில் அப்போது கோடையில் காலை 10:30, மாரியில் 9:30. லண்டனில் மாலை 3:30 அல்லது பிற்பகல் 2:30. ஒருவரும் நித்திரையில் இல்லை. தவறவிட்டால் மெல்லிய அடி தானாகப் போகும். தொடர்ந்து இரண்டு முறை தவறினால் தோல்வி. கரண்ட் போனது, லைன் இல்லை என்பதற்கு ஒரு சண்டைக்கு ஒரு நாள் தவணை, காரணம் விசாரிக்க வேண்டாம்.

ஒடியல்கூழ்

கருக்குமட்டை அண்ணை, உங்கடை கணக்கிலை ஒரு பொத்தல். 5 லெவல் ஆள் வேணுமெண்டே 60இட்டைப் போய்த் தோத்தால் 60 × 2 = 120. 5க்கு 50, 6க்கு 60, மொத்தம் 110. ஒரு தோல்வியிலை 7க்குப் போய் 10 புள்ளி மிச்சமும் இருக்கு! சமப்படுத்தின சண்டையிலை வெண்டால் இன்னும் மோசம், 240. எதிராளியின்ரை லெவலை எடுக்கேக்கை "என்ரை லெவல் + 5"க்கு மேலை எண்ணக் கூடாது எண்டு போடுங்கோ. அப்ப அந்தத் தோல்விக்கு 20தான். ஒரே சோடி கிழமைக்கு ரெண்டு சண்டைக்கு மேலை பிடிச்சால் புள்ளி இல்லை எண்டும் சேருங்கோ, இல்லாட்டில் கூட்டாளியள் மாறிமாறித் தோத்துக் குடுப்பினம்.

லெவலை அவரவர் புரொஃபைலிலை எழுத விடாதேங்கோ. கூகிள் ஷீட் ஒண்டு, சண்டைக்கு ஒரு வரி: திகதி, ரெண்டு பேர், அப்பத்தைய லெவல், முடிவு, பதிவின்ரை லிங்க். லெவலை ஷீட்டே கூட்டட்டும். நடுவர் தன்ரை சண்டைக்குத் தானே நடுவரா நிக்கக் கூடாது, ஆகக்குறைஞ்சது மூண்டு நடுவர் வேணும்.

கருக்குமட்டை

ஓம், பிழைதான். +5 விதியைச் சேருங்கோ.

செம்பாட்டு_வெங்காயம்

ரெண்டு உயிரியும் ஒரே சுற்றிலை விழுந்தால்?

பாக்குநீரிணை

அடியால் அப்படி நடக்காது. வேகம் கூடியது முதலில் அடிக்கும், விழுந்தது திருப்பி அடிக்காது. வேகம் சமம் என்றால் ஆளுக்கு ஒரு பகடை, கூடியவர் முதல். சுற்று முடிவில் நஞ்சால் இரண்டும் விழுந்தால் மட்டும் சமநிலை, இருவருக்கும் எதிராளியின் லெவல் × 3 புள்ளி.

செம்பாட்டு_வெங்காயம்

சரி. சனிக்கிழமை ஷீட்டைத் திறக்கிறன். பழைய சண்டையளை ஏத்தேல்லை, இப்ப இருக்கிற லெவலிலையே தொடங்குவம்.