இணையவழி ஆலோசனையில் ஆன்டிபயாடிக் சீட்டு மறுக்கப்பட்டது: படிவத்தை மறுபடி நிரப்பலாமா?

நீலத்தாழை (இரவு 10.20)

வணக்கம். இரண்டு நாட்களாகச் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போக வேண்டும் போலிருக்கிறது. போனால் சில சொட்டுகள்தான். சென்ற ஆண்டும் இதே தொல்லை வந்தது. அப்போது இணையவழியில் ஒரு மருத்துவர் சில கேள்விகள் கேட்டுவிட்டு அரை மணி நேரத்தில் நைட்ரோஃபுரான்டாயின் என்ற ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார். ஐந்து நாளில் குணமாகிவிட்டது.

இன்று மாலை அதே சேவையில் படிவம் நிரப்பினேன். ‘காய்ச்சல் அல்லது குளிர் நடுக்கம் உண்டா?’, ‘விலாவுக்குக் கீழே முதுகின் ஒரு பக்கத்தில் வலி உண்டா?’ என்ற இரண்டுக்கும் ‘ஆம்’ என்று குறித்தேன். உடனே, ‘உங்களுக்கு இணையவழியில் மருந்து எழுத இயலாது, நேரில் மருத்துவரைப் பாருங்கள்’ என்று காட்டிப் படிவம் மூடிக்கொண்டது. மருத்துவரிடம் ஒரு வார்த்தைகூடப் பேச முடியவில்லை.

காய்ச்சல் 38.2 டிகிரி செல்சியஸ்தான். வலது பக்க முதுகுவலி, நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்வதால் வந்ததாக இருக்கலாம். மூன்று வயது மகனை வைத்துக்கொண்டு வெளியே கிளம்புவது எனக்குப் பெரும்பாடு. புதிய படிவம் திறந்து அந்த இரண்டுக்கும் ‘இல்லை’ என்று குறித்தால் சீட்டு கிடைத்துவிடுமா? இல்லையென்றால், கணவரின் பல்வலிக்கு வாங்கிய அமாக்சிசிலின் நான்கு மீந்திருக்கிறது. அதையாவது தொடங்கலாமா?

கரைமரம் (இரவு 10.41)

கிடைத்துவிடும். எனக்குக் கிடைத்தது. அதனால்தான் சொல்கிறேன், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

நானும் முதுகுவலியை மறைத்துத்தான் சீட்டு வாங்கினேன். மூன்று நாள் மாத்திரை சாப்பிட்டதில் எரிச்சல் குறைந்தது. தப்பித்தோம் என்று நினைத்தேன். நான்காம் நாள் இரவு பற்கள் கிடுகிடுக்கும் அளவுக்கு நடுக்கம், ஓயாத வாந்தி. தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டிருந்தது. ஆறு நாள் மருத்துவமனையில் படுத்து, நரம்பு வழியே மருந்து ஏற்றிக்கொண்டேன். சீட்டு எழுதிய மருத்துவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நான் சொன்ன நோய்க்குச் சரியான மருந்தைத்தான் அவர் கொடுத்திருந்தார்.

வெண்கூடம் (இரவு 11.05)

நான் பொது மருத்துவர். நேரிலும் இணையவழியிலும் நோயாளிகளைப் பார்க்கிறேன். படிவம் ஏன் மூடிக்கொண்டது என்று விளக்குகிறேன், ஏனென்றால் அதைப் பலரும் ஒரு தடங்கலாகவே நினைக்கிறார்கள்.

சிறுநீர்ப்பையில் மட்டும் தொற்று இருந்தால் அது சிக்கலற்றது. எரிச்சல், அடிக்கடி போகும் உணர்வு இரண்டும் தெளிவாக இருந்தால், நல்ல உடல்நிலையில் உள்ள, கருவுறாத பெண்ணுக்குக் கேள்விகளை வைத்தே மருந்து எழுதலாம். சென்ற ஆண்டு உங்களுக்கு நடந்தது அதுதான். ஆனால் நைட்ரோஃபுரான்டாயின் சிறுநீரில்தான் செறிவாகச் சேரும். சிறுநீரகத் திசுவுக்குள் போதிய அளவு போய்ச் சேராது. ஒரே வேளையாகக் குடிக்கும் 3 கிராம் ஃபாஸ்ஃபோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும் இந்த வகையில் அப்படித்தான். அதனால் தொற்று மேலே ஏறியிருந்தால், கீழே எரிச்சல் அடங்கும், மேலே நோய் வளரும். கரைமரம் சொன்னது சொல்லுக்குச் சொல் அதுதான்.

நேரில் வந்தால், முதுகில் கடைசி விலா எலும்பு முதுகெலும்போடு சேரும் இடத்தில் கையை மடக்கி மெல்லத் தட்டிப் பார்ப்பேன். சிறுநீரகத்தில் அழற்சி இருந்தால் பெரும்பாலும் நோயாளி துள்ளிவிடுவார். திரைவழியே என்னால் தட்ட முடியாது. அந்தத் தட்டலுக்குப் பதிலாகத்தான் அந்தக் கேள்வி இருக்கிறது. ‘இல்லை’ என்று மாற்றிக் குறித்தால், நீங்கள் ஏமாற்றுவது படிவத்தை அல்ல.

அமாக்சிசிலினைத் தொடாதீர்கள். சிறுநீர்த் தொற்றுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஈ.கோலை என்ற பாக்டீரியா. அவற்றில் பல அமாக்சிசிலினுக்கு மசிவதே இல்லை. மசிந்தாலும் நான்கு மாத்திரை எந்தக் கணக்கிலும் சேராது. அதைவிட முக்கியம், அரைகுறையாக ஆன்டிபயாடிக் எடுத்துக்கொண்டு சிறுநீர் கொடுத்தால் கல்ச்சரில், அதாவது சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையில், கிருமி வளராமல் போகலாம். அப்புறம் எந்த மருந்து கேட்கும் என்று அறிய வழியில்லை.

இப்போது என் கேள்விகள்: கருவுற்றிருக்க வாய்ப்புண்டா? சர்க்கரை நோய், சிறுநீரகக் கல் உண்டா? வாந்தி வருகிறதா? தண்ணீர் வயிற்றில் நிற்கிறதா?

நீலத்தாழை (இரவு 11.12)

நான்குக்கும் பதில்: கருவுறவில்லை, சர்க்கரையும் கல்லும் இல்லை, வாந்தி இல்லை, தண்ணீர் நிற்கிறது.

வெண்கூடம் (இரவு 11.20)

அப்படியானால் விடியும்வரை பொறுக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். உடல் தூக்கிப்போடும் நடுக்கம், வாந்தி, தலைசுற்றல், காய்ச்சல் ஏறுவது, இவற்றில் ஒன்று வந்தாலும் இரவென்று பார்க்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாம், ஆனால் போடுவதற்கு முன் காய்ச்சலை அளந்து நேரத்தோடு குறித்து வையுங்கள். மாத்திரையால் காய்ச்சல் இறங்கிய நேரத்தில் மருத்துவர் பார்த்தால் அவருக்கும் உண்மை தெரியாது. சிறுநீரை ஆன்டிபயாடிக்கின் முதல் வேளைக்கு முன்பே கொடுங்கள். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும்.

தூண்டில்முள் (இரவு 11.48)

இவ்வளவு சுற்ற வேண்டியதில்லை. சீட்டே கேட்காமல் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கை அனுப்பும் தளங்கள் இருக்கின்றன.

வெண்கூடம் (இரவு 11.59)

சீட்டு கேட்காத தளத்தில் வருவது எந்த மாத்திரை, அதில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. சிப்ரோஃப்ளாக்சசினை உலக சுகாதார நிறுவனம் கவனத்துடன் பயன்படுத்த வேண்டிய குழுவில் வைத்திருக்கிறது. தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நாண்) கிழிதல், நரம்புப் பாதிப்பு ஆகியவற்றைக் காட்டி, வேறு மருந்து இருக்கும்போது சிக்கலற்ற சிறுநீர்த் தொற்றுக்கு இதைத் தர வேண்டாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2016இல் அறிவித்தது. தானாக வாங்கிப் போடும் மருந்து இது அல்ல.

பனிக்கூரை (காலை 6.30)

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் தந்தைக்கு 67 வயது. எரிச்சல் மட்டும்தான், காய்ச்சல் இல்லை. ‘ஆண்’ என்று குறித்ததுமே படிவம் மூடிக்கொண்டது. இதற்கு என்ன காரணம்?

வெண்கூடம் (காலை 7.10)

ஆண்களுக்கு, அதிலும் அந்த வயதில், சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பியின் வீக்கத்தால் சிறுநீர் தேங்கித் தொற்று வரலாம். புராஸ்டேட்டிலேயே தொற்று இருக்கலாம். அதற்கு மருந்தும் வேறு, நாட்களும் வேறு. கல்ச்சர் இல்லாமல் தொடங்கக் கூடாது. இன்றே நேரில் அழைத்துப் போங்கள். சிறுநீர் அறவே வராமல் அடைத்துக்கொண்டால் அது அவசரம்.

நீலத்தாழை (மறுநாள் மாலை 4.15)

காலையில் மகனையும் அழைத்துக்கொண்டு போய்விட்டேன். மருத்துவர் முதுகில் தட்டியதும் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். இடது பக்கம் தட்டியபோது ஒன்றுமில்லை. வலது பக்கம் உயிர் போனது. உட்கார்ந்து வேலை செய்வதால் வந்த வலி இல்லை. சிறுநீரைக் கல்ச்சருக்கு எடுத்துக்கொண்டு, ஒரு ஊசி போட்டு, மாத்திரையும் எழுதியிருக்கிறார். ஆனால் அந்த மாத்திரை சிப்ரோஃப்ளாக்சசின்! நீங்கள் வேண்டாம் என்றதே அதுதானே? இன்னும் தொடங்கவில்லை, பயமாக இருக்கிறது.

வெண்கூடம் (மறுநாள் மாலை 4.40)

தொடங்குங்கள், தாமதிக்க வேண்டாம். சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு அது வேண்டாம் என்றேன். சிறுநீரகத் திசுவுக்குள் போய் வேலை செய்யும் மாத்திரைகள் குறைவு, அவற்றில் இது ஒன்று. உங்களைத் தொட்டுப் பார்த்த மருத்துவர், கல்ச்சரும் எடுத்துவிட்டு எழுதியிருக்கிறார். பால், இரும்புச்சத்து மாத்திரை, அமில முறிவு மருந்து இவற்றோடு சேர்த்துச் சாப்பிடாதீர்கள். மருந்து உடலில் சேராமல் போகும். குதிகால் தசைநாணில் வலி வந்தால் அடுத்த வேளையை நிறுத்திவிட்டு உடனே அவரிடம் சொல்லுங்கள். கல்ச்சர் முடிவு வர இரண்டு மூன்று நாளாகும். அதைக் காட்டுவதற்கு மட்டும் மறுபடி நேரில் போக வேண்டுமா என்று அவரையே கேளுங்கள்; இணையவழி ஆலோசனை அதற்கு நன்றாகவே பயன்படும்.

நீலத்தாழை (நான்கு நாள் கழித்து)

முடிவு வந்துவிட்டது: ஈ.கோலை. அமாக்சிசிலினுக்கு மசியாது, சிப்ரோஃப்ளாக்சசினுக்குக் கட்டுப்படும். அறிக்கையைப் படமெடுத்து அனுப்பினேன். அதே மருத்துவர் காணொளியில் ஐந்து நிமிடம் பேசி, ஏழு நாளையும் முடிக்கச் சொன்னார். காய்ச்சல் இரண்டாம் நாளே விட்டுவிட்டது. கரைமரம், அன்றிரவு நீங்கள் உடனே பதில் போடாமல் இருந்திருந்தால் நான் ‘இல்லை’ என்று குறித்திருப்பேன். பனிக்கூரை, உங்கள் தந்தை எப்படி இருக்கிறார் என்று எழுதுங்கள். மீந்திருந்த அந்த நான்கு மாத்திரையையும் அழிப்பதற்காக மருந்தகத்தில் கொடுத்துவிட்டேன்.