மரச்செதுக்குக்கும் சில்லறைப் பட்டறை வேலைக்கும் எந்த ரோட்டரி டூல் (முனை வேகமாகச் சுழலும் கைமின்கருவி) வாங்கலாம்?

அல்சூர்வாசி:

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரு அல்சூரில் இரண்டாம் தளத்து வாடகை வீட்டில் இருந்துகொண்டு, ஈராண்டுகளாக உளியும் கொட்டாப்புளியுமாக மரச்செதுக்கு பழகி வருகிறேன். இப்போது கையில் இருப்பது பூஜை மாடத்துக்கான ஒரு வேப்பம்பலகை. அதன் விளிம்பில் கொடிக்கருக்கும் இரு மூலைகளிலும் கையகல யாளி முகமும் வர வேண்டும். யாளியின் பல்வரிசைக்குள்ளும் கொடி சுருண்டு திரும்பும் இடங்களிலும் என் உளி நுழைவதில்லை. போதாக்குறைக்கு, கீழ்த்தளத்து அம்மையார் கொட்டாப்புளிச் சத்தத்தைப் பற்றி இருமுறை சொல்லிவிட்டார். துருவேறிய திருகின் தலையை அறுப்பது, அக்ரிலிக் தகடு வெட்டுவது, கத்தி தீட்டுவது போன்ற சில்லறை வேலைகளும் அவ்வப்போது உண்டு. டிரெமல் நிறுவனத்தின் 3000, 4000, எஸ்.ஜே.பி. ரோட்டில் பார்த்த, நூற்றுக்கு மேற்பட்ட பிட்டுகளோடு (மாட்டி ஓட்டும் முனைகள்) வரும் பெயரில்லாத செட் ஆகிய மூன்றுக்கும் நடுவே நிற்கிறேன். அமெரிக்காவிலிருந்து வரவிருக்கும் அத்தான் அங்கிருந்தே வாங்கி வருவதாகவும் சொல்கிறார். எது தகும்?

ஆசாரிமகள்:

அத்தானிடம் மிட்டாய் வாங்கி வரச் சொல்லுங்கள், கருவி வேண்டாம். அங்கே விற்பவை 120 வோல்ட்டுக்கானவை. நம் 230 வோல்ட்டில் அப்படியே செருகினால் மோட்டார் கருகிவிடும். டிரான்ஸ்பார்மர் வைத்துச் சமாளிக்கலாம் என்றாலும், மேசையில் அது ஒரு செங்கல் அளவுக்கு இடத்தை அடைத்துக்கொள்ளும்.

மற்ற இரண்டில் 3000 என்பது 130 வாட், 4000 என்பது 175 வாட். வாட்டைப் பார்த்து யாரும் முடிவெடுக்க வேண்டியதில்லை என்பதே என் எண்ணம். 4000-இல் சுமை ஏறும்போது வேகம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் மின்னணுக் கட்டுப்பாடு இருக்கிறது; அதன் வேகம் நிமிடத்துக்கு 5,000 சுற்றிலிருந்து தொடங்குகிறது, 3000-ஓ 10,000-இலிருந்துதான் தொடங்குகிறது. வேம்பில் கணு வந்த இடத்தில் இந்த வேறுபாடு உடனே தெரியும். கட்டுப்பாடில்லாத கருவியின் ஓசை தாழ்ந்துபோகும், நாம் அறியாமலே கையை அழுத்துவோம், பிட் நின்ற இடத்தில் மரம் கருகிக் கறுப்பு வளையம் ஒன்று விழும். அந்தக் கறுப்பை உப்புத்தாளால் எடுக்கப் போனால் யாளியின் மூக்கே மழுங்கிவிடும். எனக்கு ஒருமுறை அப்படித்தான் ஆயிற்று.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். பலகையிலிருந்து யாளி முகத்தைத் தள்ளி எடுக்கும் முதல் வேலையை எந்த ரோட்டரியும் உளிபோலச் செய்யாது. என் அப்பா முக்கால் பங்கு உருவத்தை உளியிலேயே முடித்துவிடுவார். பல்லிடுக்கும் கண்மணியும்தான் மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்துக்குத்தான் இந்தக் கருவி. எனவே கொட்டாப்புளி ஓயப் போவதில்லை. கீழ்வீட்டு அம்மையாரோடு எதிர்வீட்டாரும் சேர்ந்துகொள்வார்கள், ஏனென்றால் இது கொசுவைப் பெரிதாக்கியதுபோல ரீங்கரிக்கும்.

பல்லாய்வகத்தான்:

நான் செயற்கைப் பல் செய்யும் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: மைக்ரோமோட்டார். பேனாவைவிடச் சற்றுத் தடித்த கைப்பிடி மட்டும் கையில் இருக்கும். கட்டுப்பாட்டுப் பெட்டி மேசையில் இருக்கும். 35,000 சுற்று வரை போகும், அதிர்வு மிகக் குறைவு. டிரெமலைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் கொடிக்கருக்கு செதுக்கிப் பாருங்கள், மணிக்கட்டு சொல்லும் வித்தியாசத்தை. எனினும் திருகு அறுப்பதற்கு இதைத் தொடாதீர்கள். கைப்பிடியின் பேரிங் போய்விடும்.

எதை வாங்கினாலும் பிட்டின் தண்டளவைக் கவனியுங்கள். எங்கள் பிட்டுகளின் தண்டு 2.35 மி.மீ.; டிரெமலோடு வழக்கமாக வருவது 3.2 மி.மீ. கொல்லெட் (பிட்டின் தண்டைப் பிடிக்கும் கவ்வி). 2.4 மி.மீ. கொல்லெட்டைத் தனியே வாங்கிப் போட்டால் எங்கள் கார்பைடு பிட்டுகளும் அதில் நிற்கும். மரத்துக்கு டங்ஸ்டன் கார்பைடு பிட்டே ஏற்றது. செட்டுகளில் மலிந்து கிடக்கும் வைரப்பொடி பிட்டுகள் கல்லுக்கும் கண்ணாடிக்கும் உரியவை. மரத்தில் சிறிது நேரத்தில் தூள் அப்பிக்கொண்டு தேய்க்குமே தவிர வெட்டாது.

பீன்யாக்காரன்:

பெயரில்லாத செட்டை நான் வாங்கினேன். பெட்டியைத் திறந்ததும் கண்ணுக்கு நிறைவாகத்தான் இருந்தது. வட்டத் தகட்டை மாட்டும் தண்டு வளைந்திருந்ததைக் கவனிக்காமல் முழு வேகத்தில் ஓட்டினேன். தகடு நொறுங்கி ஒரு துண்டு கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. அன்று கண்ணாடி போடாமல் இருந்திருந்தால் இதை வேறு யாரோதான் தட்டச்சு செய்திருப்பார்கள். அதில் இன்றும் பயன்படுவது உப்புத்தாள் உருளைகள் மட்டுமே.

நீண்ட நேரம் செதுக்குவதென்றால் நகரத்பேட்டை நகைப் பட்டறைகளில் எட்டிப் பாருங்கள். அங்குள்ள வளைதண்டுக் கருவியில் மோட்டார் கொக்கியில் தொங்கும், வளையும் தண்டு கைக்கு வரும், வேகம் காலடி மிதியில் இருக்கும். சுற்று குறைவு, இழுவிசை அதிகம். தண்டைக் கூர்மையாக வளைக்காமலும் அவ்வப்போது கிரீஸ் போட்டும் வைத்திருந்தால் நெடுநாள் உழைக்கும். மைக்ரோமோட்டார் நண்பர் கோபிக்கக் கூடாது. வேப்பங்கணுவுக்கு இதுதான் சரி.

சில்லறை வேலைகளைப் பற்றி: அக்ரிலிக்கை ரோட்டரியின் உயர்ந்த வேகத்தில் அறுத்தால் அறுக்கும் வட்டு போன பின்னாலேயே உருகி ஒட்டிக்கொள்ளும், ஹேக்சா பிளேடே போதும். கத்தியையும் ரோட்டரியில் தீட்டாதீர்கள், விளிம்பு நீலம் பாரித்து உரம் போய்விடும். திருகுத் தலைக்கு மட்டும் இது அருமை. செதுக்கும்போது பிட் சுழலும் திசைக்கு எதிராக நகர்த்துங்கள். சுழலும் திசையிலேயே தள்ளினால் அது மரத்தின்மேல் ஓடிக் கோடு இழுத்துவிடும்.

ஆசாரிமகள்:

ஓசையைப் பேசித் தூசியை மறந்துவிட்டேன். உளி சீவலைத் தரும், இது மாவைத் தரும். வேப்பம்மாவு உதட்டில் கசக்கத் தொடங்கினால் அது நுரையீரலுக்குள்ளும் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். மரத்தூள் புற்றுநோய்க் காரணி என்பது உறுதியான செய்தி. என்95 முகக்கவசம் இல்லாமல் சுவிட்சைப் போடாதீர்கள்.

அல்சூர்வாசி:

நன்றி. அத்தானுக்குச் சொல்லிவிட்டேன். 4000-உம் 2.4 மி.மீ. கொல்லெட்டும் நான்கே கார்பைடு பிட்டுகளும் வாங்கப் போகிறேன். வளையும் தண்டைப் பின்னாளில் அதிலேயே இணைத்துக்கொள்ள முடியும் என்று கடைக்காரர் சொன்னார். யாளி முகத்தை அதுவரை உளியில் தள்ளி வைக்கிறேன், மதியம் இரண்டு மணிக்குள். அந்த நேரத்தில் கீழ்வீட்டு அம்மையார் வேலைக்குப் போயிருப்பார்.