ஸ்னோ கொட்டிய மறுநாள் காலை கட்டாயம் வெளியே வாருங்கள்

டொராண்டோ பக்கம் வந்து இறங்கி, முதல் குளிர்காலத்தைப் பார்க்கப்போகிற குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். ஜாக்கெட் எங்கே மலிவு, எந்த பூட்ஸ் நல்லது என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நானும் கொஞ்சம் சொல்கிறேன். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார்கள். டிசம்பரில் மாலை 4:40-க்கே சூரியன் போய்விடும். கணவரோ மனைவியோ வேலைக்குப் போய்விட, சின்னப் பிள்ளையுடன் வீட்டில் தனியாக இருப்பவர்களுக்கு அந்த இருட்டு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நாங்கள் திண்டுக்கல்லிலிருந்து 2019 நவம்பரில் டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோ வந்தோம். மகளுக்கு அப்போது நான்கு வயது. ஒரு வீட்டின் பேஸ்மென்டில், அதாவது தரைக்குக் கீழே இருக்கும் தளத்தில், வாடகைக்கு இருந்தோம். அறைக்கு இருந்த ஒரே ஜன்னல் தரைமட்டத்தில் இருந்தது. ஒரு நாள் காலை கண் விழித்தால் அறை முழுக்க நீல வெளிச்சம். ராத்திரி விழுந்த பனி ஜன்னலை மூடியிருந்தது. மகள் “அம்மா, நாம தண்ணிக்குள்ள இருக்கோமா?” என்று கேட்டாள். அன்றைக்கு நான் வெளியே போகவில்லை. மறுநாளும் போகவில்லை. அந்தக் குளிர்காலத்தில் பக்கத்து வீட்டுக்காரர் முகம்கூட எனக்குத் தெரியாது. அடுத்தது கொரோனா வருடம், அது எல்லோருக்கும் அப்படித்தான் போனது.

(பேஸ்மென்டில் இருப்பவர்கள் ஒன்று செய்யுங்கள். ஜன்னலுக்கு வெளியே குவியும் பனியை அவ்வப்போது அள்ளிவிடுங்கள். வெளிச்சத்துக்காக மட்டும் சொல்லவில்லை, தீ விபத்து என்றால் அதுதான் இன்னொரு வழி.)

எல்லாம் மாறியது 2022 ஜனவரி 17, திங்கட்கிழமை. பொங்கல் முடிந்து மூன்றாம் நாள். விடுமுறைக்கும் கொரோனா கட்டுப்பாட்டுக்கும் பிறகு அன்றுதான் பள்ளி திறப்பதாக இருந்தது. விடியும் முன்பே ஆரம்பித்த பனி ஒரு அடிக்கு மேல் கொட்டித் தீர்த்தது. பள்ளி திறக்கவில்லை. பெரிய நெடுஞ்சாலைகளையே மூடினார்கள். நாங்கள் அதற்குள் ஒரு சின்ன டவுன்ஹவுஸுக்கு மாறியிருந்தோம். கதவைத் திறந்தால் முழங்காலுக்கு வெள்ளை. கார் இருந்த இடத்தில் ஒரு மேடு.

பனி தள்ளும் ஷவலை எடுத்துக்கொண்டு இறங்கினேன். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் முதலில் உப்பைத் தூவினேன். பக்கத்து வாசலில் இருந்து ஒரு குரல்: “பிள்ளை, உப்பைப் போட்டிட்டே சினோ வழிக்கிறீர்? முதல்ல வழிச்சுப்போட்டுப் பிறகு உப்பைப் போடும். தூக்கித் தூக்கி எறியாதையும், முதுகு போயிடும். தள்ளும்.” யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர். பல மாதங்களாக ஒரு சுவர் தள்ளி இருந்தவர். அன்றுதான் முதல் முறையாகப் பேசினோம்.

எதிர்வீட்டுப் பெரியவர் தென் அமெரிக்காவில் இருக்கும் கயானாவிலிருந்து வந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆனவர். அவர் தன் வாசலை ஸ்னோ ப்ளோயரால் (பனியை வாரி வீசும் இயந்திரம்) முடித்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தெருவைக் கடந்து வந்து எங்கள் டிரைவ்வே (வீட்டு முன் கார் நிறுத்தும் பாதை) முனையைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தார். சாலையைச் சுத்தம் செய்யும் வண்டி போகும்போது, பனியை ஒதுக்கி ஒவ்வொரு வீட்டு வாசல் முனையிலும் கரை கட்டியது போலக் குவித்துவிட்டுப் போகும். மற்ற பனியைவிட அது கெட்டி. கையால் உடைத்தால் ஒரு மணி நேரம் ஆகும். அவர் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டுக் கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஷவலை ஊன்றி நின்றுகொண்டு தெருவைப் பார்த்தேன். அத்தனை வீட்டுக் கதவும் திறந்திருந்தது. எல்லோரும் வாசலில். சின்ன வயதில் மார்கழியில் விடிகாலை வாசல் தெளிக்கப் போனால் தெருவே வெளியே இருக்கும். யார் வீட்டில் என்ன விசேஷம், யாருக்கு உடம்பு சரியில்லை எல்லாம் கோலம் போடும் அந்த அரைமணியில் தெரிந்துவிடும். இந்த ஊரிலும் வாசல் வேலை என்று ஒன்று இருக்கிறது. அது ஸ்னோ கொட்டி நின்றதும், பெரும்பாலும் மறுநாள் காலை, நடக்கிறது. அந்த நேரத்தில் உள்ளே இருந்துவிட்டால் தெருவை அடுத்த பனிக்குத்தான் பார்க்க முடியும், நான் இரண்டு வருடம் தவறவிட்டது போல.

அதனால் காசு கொடுத்து ஆள் வைத்துக்கொள்ள வசதி இருந்தாலும், உடம்பு இடம் கொடுத்தால் முதல் வருடம் நீங்களே இறங்குங்கள். இடுப்பை வளைத்துத் தூக்காமல், முழங்காலை மடக்கித் தள்ளுங்கள். பனி முழுக்க நிற்கட்டும் என்று காத்திருக்காமல், நடுவில் ஒரு முறை தள்ளிவிட்டால் பாதி பாரம் குறையும். உப்பு கொஞ்சம் போதும். மைனஸ் 10-க்குக் கீழே போய்விட்டால் சாதாரண உப்பு அவ்வளவாக வேலை செய்யாது, வழுக்காமல் இருக்க மணல் தூவலாம். இதய நோய் உள்ளவர்களும், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவும் இந்த வேலையைத் தொடவே கூடாது. குளிரில் இந்த வேலை இதயத்துக்குத் திடீர்ப் பாரம்.

தள்ளிய பனியைச் சாலையில் கொட்டாதீர்கள், டொராண்டோவில் அது விதிமீறல். பக்கத்து வீட்டுப் பக்கம் தள்ளுவது விதியைவிடப் பெரிய தப்பு, உறவு அங்கேயே முறிந்துவிடும். நடைபாதைகளைப் பெரும்பாலும் நகராட்சி வண்டியே சுத்தம் செய்கிறது. டிரைவ்வேயும் படியும் நம் பொறுப்பு. பக்கத்து நகரங்களில் விதி வேறாக இருக்கும், உங்கள் நகராட்சியின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வாடகை வீடு என்றால் யார் செய்ய வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் நவம்பரிலேயே பேசி எழுத்தில் வாங்கிவிடுங்கள். காரேஜுக்குள் காரை ஸ்டார்ட் செய்து சூடாக்கவே கூடாது, கதவு திறந்திருந்தாலும் கூடாது. கார் பனியில் புதைந்திருந்தால் முதலில் புகைக்குழாயைச் சுற்றித் தோண்டிவிட்டு அப்புறம் சாவியைப் போடுங்கள். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸுக்குச் சுவருக்கு வெளியே இருக்கும் குழாய்களையும் பனி மூடாமல் பாருங்கள். கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது, வந்தது தெரியாமலே ஆளைக் கொல்லும்.

சரி, அந்த திங்கட்கிழமைக்கு வருகிறேன். பெரியவருக்கு நன்றி சொல்ல வேண்டும். வீட்டில் பொங்கலுக்கு வாங்கிய வெல்லமும் பாசிப்பருப்பும் மீதி இருந்தது. சர்க்கரைப் பொங்கல் வைத்து, இரண்டு எவர்சில்வர் தூக்கில் போட்டு, மகளுக்கு ஸ்னோ பேன்ட் மாட்டி, இரண்டு வீட்டுக்கும் கொண்டுபோனோம். கொரோனா காலம், யாரும் யார் வீட்டுக்குள்ளும் போவதில்லை. வாசலில் வைத்துவிட்டு நான்கு அடி தள்ளி நின்றோம். பெரியவர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். ஏலக்காய் வாசனை. “என் பாட்டி பூஜைக்கு ஸ்வீட் ரைஸ் செய்வாள்” என்றார். கயானாவில் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலில் போனவர்களின் வழி வந்தவர். அங்கே இன்றைக்கும் மாரியம்மன் கோயில்கள் இருப்பதை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மைனஸ் பத்தில் இருபது நிமிடம் நின்று பேசினோம், குளிர் உறைக்கவே இல்லை.

இரண்டு தூக்கும் வெறுமனே திரும்பி வரவில்லை. யாழ்ப்பாணத்து அம்மாவுடையதில் பயற்றம் பணியாரம். பெரியவருடையதில் அன்னாசி ஜாம் வைத்த முக்கோணப் பலகாரம், பைன் டார்ட் என்று அவர்கள் சொல்வது. அன்றிலிருந்து இந்த மூன்று வீட்டுக்கு நடுவே பாத்திரம் போய் வந்துகொண்டே இருக்கிறது.

பலகாரம் கொடுக்கும்போது கவனிக்க ஒரு விஷயம். முந்திரி, வேர்க்கடலை போட்டிருந்தால் வாயால் சொல்லியே கொடுங்கள். இங்கே அந்த அலர்ஜி உயிர்ப் பிரச்சினை. முதல் நாளே டப்பா நிறையக் கொடுக்க வேண்டாம், ஒரு கிண்ணம் போதும். உள்ளே கூப்பிடவில்லையே என்று வருத்தப்படவும் வேண்டாம், இந்த ஊரில் பழக்கம் வாசலில்தான் ஆரம்பிக்கும்.

வீட்டுக்குள் இருக்கும் நேரத்தைப் பற்றியும் சொல்கிறேன். பனிநாளில் குழந்தைக்கு டிவியைப் போட்டுவிடத்தான் முதலில் கை போகும். அதற்கு முன் வெளியே கை நீட்டி ஒரு பிடி பனியை அள்ளிப் பாருங்கள். கோலமாவு போல உதிர்ந்தால் அது கடுங்குளிர்ப் பனி, பொம்மை பிடிக்க வராது. சறுக்கு விளையாட நல்லது. பிடிகொழுக்கட்டை மாவு போலப் பிடிபட்டால் குளிர் பூஜ்யத்தை ஒட்டி இருக்கிறது என்று அர்த்தம், உடனே இறங்கி ஸ்னோமேன் செய்துவிடுங்கள். அந்தப் பதம் சில மணி நேரம்தான் இருக்கும்.

பனியில் கோலமும் போடலாம். வெள்ளை மேல் வெள்ளை தெரியாது, அதனால் ஷவலின் பின்பக்கத்தால் பனியைத் தட்டிச் சமமாக்கிவிட்டு, காலி கெட்சப் பாட்டிலில் தண்ணீரும் சமையல் கலரும் கலந்து பீய்ச்சுங்கள். நானும் மகளும் தை முதல் நாள் ஒரு சிக்குக் கோலம் இழுத்தோம். நாய் கூட்டிக்கொண்டு நடக்கிறவர்கள் எல்லாரும் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். கோடி வீட்டுச் சீனக் குடும்பத்துப் பெண்பிள்ளை பாட்டிலை வாங்கி மூலையில் ஒரு மீன் வரைந்தாள். அவள்தான் இப்போது என் மகளின் நெருங்கிய தோழி. ஜனவரி இங்கே தமிழ் மரபுத் திங்கள். ஒன்டாரியோ மாகாணம் 2014-லும், கனடா நாடாளுமன்றம் 2016-லும் அங்கீகரித்தன. ஆகவே என்ன கொண்டாட்டம் என்று கேட்பவர்களிடம் தயங்காமல் விளக்குங்கள், பலருக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே காதில் விழுந்திருக்கும்.

இன்னொன்று, மேப்பிள் சிரப்பைக் கொஞ்சம் காய்ச்சி, தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் உருட்ட வரும் பதத்தில் இறக்குங்கள். அதிரசப் பாகு பார்க்கிற கை உங்களுக்கு இருந்தால் தெர்மாமீட்டரே வேண்டாம். தட்டில் சுத்தமான புதுப் பனியை அழுத்தி வைத்து அதன் மேல் கம்பி போல ஊற்றினால் உடனே இறுகும். குச்சியில் சுருட்டிச் சாப்பிட வேண்டியதுதான். இது இந்த மண்ணின் பழைய பலகாரம், பாகு பதம் மட்டும் நம் அடுப்படியில் ஏற்கெனவே இருப்பது. ஊற்றும் வேலையை நீங்களே செய்யுங்கள், பாகு பட்டால் கை வெந்துவிடும்.

செலவில்லாமல் போக நிறைய இடம் இருக்கிறது. டொராண்டோ பொது நூலகத்துக்கு 100 கிளைகள். அட்டை இலவசம், பல கிளைகளில் தமிழ்ப் புத்தகம் உண்டு, சின்னப் பிள்ளைகளுக்குக் கதை நேரம் நடக்கும். அதே நேரத்தில் தொடர்ந்து போனால் அதே அம்மாக்களைத் தொடர்ந்து பார்ப்பீர்கள், பேச்சு தானாக வரும். நகராட்சியின் திறந்தவெளி ஐஸ் ரிங்குகளில் சறுக்கக் கட்டணம் இல்லை. ஹெல்மெட் மட்டும் விடாதீர்கள். பிப்ரவரி மூன்றாம் திங்கட்கிழமை ஒன்டாரியோவில் குடும்ப நாள், பொது விடுமுறை. அன்றைக்கு இரண்டு குடும்பம் சேர்ந்து போனால் இன்னும் நன்றாக இருக்கும். வெயில் அடிக்கிற நாளில் மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டுக்குள் அரைமணி நடந்துவிடுங்கள்.

உடுப்புக்கு என் கணக்கு இவ்வளவுதான்: உள்ளே பருத்தி வேண்டாம், வேர்த்தால் ஈரம் உடம்போடு ஒட்டிக் குளிரும், கம்பளி அல்லது அதற்கென்று விற்கும் உள்ளாடை. விரல் விரலாகப் பிரிந்த கையுறையைவிட நான்கு விரலும் சேர்ந்த மிட்டன் சூடு. பூட்ஸ் கெட்டிக் காலுறைக்கு இடம் விட்டு வாங்குங்கள். வின்ட் சில் (காற்றோடு சேர்த்து உடம்பு உணரும் குளிர்) மைனஸ் 28-ஐத் தாண்டினால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம், அன்றைக்கு வெளி விளையாட்டு வேண்டாம்.

இவ்வளவு செய்தும் மனசு எழும்பவில்லை, காலையில் படுக்கையை விட்டு எழவே முடியவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால் ‘வின்டர் என்றால் அப்படித்தான்’ என்று விட்டுவிடாதீர்கள். குளிர்காலத்து மனச்சோர்வு மருத்துவர்கள் நன்றாக அறிந்த ஒன்று, சிகிச்சையும் இருக்கிறது. டாக்டரிடம் சொல்லுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால், எந்த உதவி எங்கே கிடைக்கும் என்று சொல்லும் 211 எண்ணுக்குப் போன் செய்தால் மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பேசுவார்கள். முதல் வருடம் நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. ராத்திரி ஸ்னோ என்று எச்சரிக்கை வந்தால் ஷவலை வெளியே விடாதீர்கள், விடிந்ததும் அதையே தோண்டி எடுக்க வேண்டியிருக்கும். கதவுக்கு உள்பக்கம் சாய்த்து வைத்துவிட்டு, பக்கத்திலேயே ஒரு ஃபிளாஸ்க்கையும் கழுவி வையுங்கள். காலையில் சுக்குக் காபியோ இஞ்சி டீயோ போட்டு, இரண்டு டம்ளர் கூடுதலாக எடுத்துக்கொண்டு இறங்குங்கள்.