காப்பெற் வீதியில் ஃபோர் ஹை போடலாமா?

வட்டக்கச்சியான்:
"மாரி தொடங்கிவிட்டால் ஏ9 வீதியில் ஏறும்போதே நாலு சில்லுக்கும் இழுவை கொடுக்கும் ஃபோர் ஹையைப் போடுங்கள், வவுனியா வரை கழற்றத் தேவையில்லை" என்று மாங்குளத்தான் நேற்று இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. இருபத்திரண்டு வருடமாக ஹைலக்ஸ் டபுள்கப் ஓட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: தார் போட்ட காப்பெற் வீதியில் ஃபோர் ஹை போடவே கூடாது. வாகனம் வளையும்போது முன்சில்லுகள் பின்சில்லுகளை விடக் கூடுதல் தூரம் ஓடியாக வேண்டும். முன்னுக்கும் பின்னுக்கும் போகின்ற இரண்டு சாஃப்டையும், எஞ்சின் வலுவை அவற்றுக்குப் பிரித்து அனுப்பும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் ஒன்றாகப் பூட்டி ஒரே வேகத்தில் சுற்ற வைத்தால், அந்த வித்தியாசம் எங்கே போகும்? சேற்றிலும் கிறவலிலும் சில்லு கொஞ்சம் வழுக்கி அதைத் தீர்த்துக்கொள்ளும். தாரில் ரயர் விடாமல் பிடிப்பதால் முறுக்கு உள்ளேயே ஏறிக்கொண்டிருக்கும். கடைசியில் லீவரைக் கழற்றவும் முடியாது.

மாங்குளத்தான்:
அண்ணை, என்னுடையது பஜேரோ. அதில் ஃபோர் ஹை போட்டால் முன்னும் பின்னும் பூட்டப்படுவதில்லை. நடுவில், முன்னையும் பின்னையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் ஒரு டிஃபரென்ஷியல் இருக்கிறது. அது பின்னுக்கு 67, முன்னுக்கு 33 என்ற அளவில் இழுவையைப் பிரித்துக் கொடுத்து, வளைவில் வருகின்ற வித்தியாசத்தைத் தானே ஏற்றுக்கொள்கிறது. 100 கிலோமீற்றர் வேகம் வரை ஓடியபடியே மாற்றலாம். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வரை கொட்டும் மழையில் இப்படித்தான் ஓடுகிறேன், ஒரு நாளும் முறுகியதில்லை. காப்பெற் வீதியில் ஃபோர் ஹை போடலாம்.

வட்டக்கச்சியான்:
போடக் கூடாது. நான் எழுதிய காரணத்துக்கு நீங்கள் மறுமொழி சொல்லவில்லை. முன்சில்லு கூடுதல் தூரம் ஓடுகிறதா, இல்லையா?

முள்ளியவளைச் சாரதி:
இரண்டு பேரும் ஒரே பெயரை வைத்துக்கொண்டு இரண்டு வேறு பொருளைப் பற்றி எழுதுகிறீர்கள். ஹைலக்ஸில் உள்ளது நடு டிஃபரென்ஷியல் இல்லாத பார்ட் டைம் முறை. பஜேரோவில் உள்ளது சுப்பர் செலக்ட். 1991 இலேயே வந்துவிட்டது. அதில் நடு டிஃபரென்ஷியலைப் பூட்டுவதற்கு, ஃபோர் ஹைக்கு அடுத்ததாக வேறொரு நிலை இருக்கிறது. அந்த நிலைதான் வட்டக்கச்சி அண்ணை சொல்லும் ஃபோர் ஹை.

வட்டக்கச்சியான்:
தம்பி, பெயர் விளக்கம் யாருக்கும் தேவையில்லை. இதைப் படிக்கின்ற பத்துப் பேரில் எட்டுப் பேரிடம் டபுள்கப்தான் இருக்கிறது. அவர்களில் ஒருவர் மாங்குளத்தானின் சொல்லை நம்பிப் பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வரை காப்பெற்றில் ஃபோர் ஹையோடு போனால், யார் பொறுப்பு? எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படித்தான் கிளிநொச்சிச் சந்தியில் முழு ஸ்ரியரிங்கில் திருப்பினார். வாகனம் யாரோ பின்னுக்கு இழுப்பதுபோல் திணறி, ரயர் கிறீச்சிட்டு, அப்படியே நின்றது. கொஞ்சத் தூரம் ரிவேர்ஸில் ஓட்டிய பிறகுதான் முறுக்குத் தளர்ந்து லீவர் கழன்றது. பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்.

மாங்குளத்தான்:
அது அவர் வாகனத்தின் கதை, என்னுடையதன்று. அனுபவத்தைப் பற்றிப் பேசுவதென்றால் 2018 மார்கழி வெள்ளத்தையும் பேசுவோம். ஃபோர் வீல் போட்டும் முன்சில்லு சுற்றவில்லை என்று நடு வயலில் நின்று என்னைத் தொலைபேசியில் அழைத்தது யார்? முன்சில்லை அச்சோடு இணைக்கும் ஹப்பைப் பூட்டாமல் வயலுக்குள் இறங்கியவர் எனக்குப் பாடம் எடுக்கிறார்.

வட்டக்கச்சியான்:
அழைத்தேன், மறுக்கவில்லை. பழைய ஹைலக்ஸில் முன்சில்லின் நடுவில் இருக்கும் ஹப்பை இறங்கிக் கையால் திருப்ப வேண்டும். அன்று முழங்கால் சேற்றில் நின்று, திருகிக்குள் அடைந்த களியை ஆணியால் கிண்டி எடுத்து, ஃப்ரீயிலிருந்து லொக்குக்குத் திருப்பினேன். திருப்பியதும் என் வாகனம் தானாகவே ஏறி வந்தது. ஆனால் நீங்கள் வந்த பஜேரோ வாய்க்கால் கரையில் புதைந்ததை ஏன் எழுதவில்லை? உழவு இயந்திரம் கொண்டுவந்து இழுத்தது யார்? மெதுவாக ஓடிக் கூடுதல் இழுவை தரும் லோ கியரின் விகிதம் இப்போதைய ஹைலக்ஸில் 2.566, உங்களுடையது வெறும் 1.9. சேற்றுக்கு எது பொருத்தம் என்று ஊருக்கே தெரியும்.

மாங்குளத்தான்:
புதைந்தது ரயரினால். காப்பெற் வீதிக்கான ரயரின் பள்ளத்துக்குள் களி நிரம்பினால் எந்தக் கியரும் உதவாது.

முருங்கன் கமக்காரன்:
ரயர் பற்றிச் சொன்னது சரி. எங்கள் முருங்கன் களிமண் மழை பட்டால் சில்லைச் சுற்றி அப்பி, ரயரை வழுவழுப்பான உருளையாக்கிவிடும். ஒரு பக்கச் சில்லு சும்மா சுற்றத் தொடங்கினால் சாதாரண டிஃபரென்ஷியல் மறுபக்கத்துக்கு வலுவைக் கொடுக்காது. ஃபோர் வீல் போட்டிருந்தாலும் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று இரண்டு சில்லுதான் வீணாகச் சுற்றும். பின்சில்லு இரண்டையும் சேர்த்துச் சுற்ற வைக்கும் பின் டிஃபரென்ஷியல் லொக் இல்லாதவர் லோவைப் பற்றிப் பெருமைப்படுவதில் பயனில்லை.

வட்டக்கச்சியான்:
லொக் பற்றி வேறு இடத்தில் பேசுங்கள். கேள்வி காப்பெற் வீதி பற்றியது. மழை பெய்தாலும் காப்பெற் காப்பெற்தான். ரயர் பிடிக்கும், முறுக்கு ஏறும்.

முள்ளியவளைச் சாரதி:
நடு டிஃபரென்ஷியல் இருந்தால் ஏறாது அண்ணை. நான் அதைத்தானே எழுதினேன்.

வட்டக்கச்சியான்:
ஏறும். முறிகண்டிப் பிள்ளையாரடியில் எல்லா வாகனமும் நிற்கத்தான் வேண்டும். அங்கே ஃபோர் ஹை போட்டு, ஸ்ரியரிங்கை முழுவதும் ஒடித்து ஒரு வட்டம் போட்டுக் காட்டுங்கள். சில்லுச் சத்தத்தை நான் பக்கத்தில் நின்று கேட்கிறேன்.

மாங்குளத்தான்:
சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வருகிறேன். மாங்குளத்திலேயே ஃபோர் ஹையைப் போட்டுக்கொண்டுதான் வருவேன்.

வட்டக்கச்சியான்:
கழற்றிவிட்டு வாருங்கள். அது காப்பெற் வீதி.