மொட்டை மாடி ஷீட் கூரை: எந்த இடத்துக்கு எந்த போல்ட், எந்த ஸ்க்ரூ?

மாடிவீடு:

வணக்கம். வீடு நாகப்பட்டினத்தில், கடலிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர். மொட்டை மாடியில் 20க்கு 15 அடி ஷீட் கூரை போடுகிறோம், 15 அடி பக்கம் சரிவு. ஆறு தூண், ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லின் ஐந்து வரிசை (2 இஞ்ச் சதுர பைப், 2 மி.மீ. கனம்). ஷீட் 0.5 மி.மீ. கலர் ஷீட், அடியில் அலுமினியம்-துத்தநாகப் பூச்சு. ஃபேப்ரிகேட்டர் கொடுத்த பட்டியலில் "ஆங்கர் போல்ட் 24, செல்ஃப் ஸ்க்ரூ ஒரு பாக்கெட், போல்ட் நட்டு தேவைக்கு" என்று மட்டும்தான் இருக்கிறது. அளவும் இல்லை, ரகமும் இல்லை. தளம் 5 இஞ்ச் கான்கிரீட், மேலே தட்டோடு. எங்கே எதைப் போடுவது, எத்தனை வாங்குவது? எல்லாமே எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஸ்க்ரூவாக வாங்கிவிட்டால் துருப்பிரச்சினை தீருமா?

ஸ்பானர்17:

முதலில் தூணைக் கான்கிரீட்டில் பிடிக்கும் ஆங்கரைப் பார்த்துவிடுவோம், பெரிய தப்பு நடக்கிற இடம் அதுதான். தட்டோடு போட்ட மாடி என்றால் ஓட்டுக்கு அடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த அடுக்கு இருக்கும், சாதாரணமாக 3 இஞ்ச். ஓட்டோடு சேர்த்து 90 மி.மீ. வரை போகும். அதன் மேல் பேஸ் பிளேட்டை (தூணின் அடித்தகடு) வைத்து 100 மி.மீ. ஆங்கர் அடித்தால் கான்கிரீட்டை அது தொடக்கூடத் தொடாது, முழுக்கச் சுண்ணாம்பு ஜல்லியில்தான் நிற்கும். முறுக்கும்போது இறுகுவது போலத் தெரியும். காற்று தூக்கினால் ஜல்லியோடு பெயர்ந்து வரும்.

டிரில் போடும்போதே தெரிந்துவிடும். சிவப்புத் தூள் வரும் வரை ஜல்லி அடுக்கு. சாம்பல் தூள் வந்து, மிஷின் தடுமாற ஆரம்பித்தால்தான் கான்கிரீட்.

செய்ய வேண்டியது: தூண் வரும் ஆறு இடத்திலும் ஓட்டையும் ஜல்லியையும் ஒன்றரை அடி சதுரத்துக்கு வெட்டி எடுத்துத் தளத்தைத் திறக்க வேண்டும். முடிந்தவரை கீழே பீம் அல்லது காலம் இருக்கும் இடமாகப் பார்த்து வையுங்கள். திறந்த தளத்தில் 10 மி.மீ. கம்பிகளைக் கெமிக்கல் (ஒட்டும் ரசாயனப் பசை) வைத்து நட்டு, எம்20 ரகக் கான்கிரீட் கலவையில் ஓட்டு மட்டத்துக்கு மேல் 4 இஞ்ச் உயரப் பீடம் போடலாம். பீடம் போடும்போதே எல் வடிவ ஃபவுண்டேஷன் போல்ட்டைப் புதைத்துவிட்டால் ஆங்கர் வேலையே மிச்சம். சுற்றிலும் வாட்டர்ப்ரூஃபிங் செய்யாமல் மூடினால் மழைக்குக் கீழ் வீட்டுச் சீலிங்கில் ஈரம் தெரியும்.

பிறகு ஆங்கர் அடிப்பதாக இருந்தால் ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். வெட்ஜ் டைப்பில் (நுனி விரிந்து பிடிப்பது) போல்ட் அளவும் ஓட்டை அளவும் ஒன்றே: எம்10க்கு (10 மி.மீ. தடிமன் போல்ட்) 10 மி.மீ. பிட். ராவல் போல்ட் (சட்டை போட்டது) என்றால் எம்10க்கு 16 மி.மீ. ஓட்டை வேண்டும். இரண்டையும் குழப்பி ஓட்டை பெரிதாகிவிட்டால் அந்த இடத்தை விட்டுத் தள்ளிப் போடுவதைத் தவிர வழியில்லை. ஓட்டையில் உள்ள தூளைப் பிரஷ்ஷும் பம்பும் வைத்து எடுக்காமல் அடித்தால் வெட்ஜ் விரியாமல் தூளில் வழுக்கும். எம்10க்குக் கான்கிரீட்டுக்குள் 60 மி.மீ. இறங்க வேண்டும், பீட விளிம்பிலிருந்து குறைந்தது 100 மி.மீ. உள்ளே இருக்க வேண்டும்.

கஜா புயல் கரையேறிய பக்கம். கூரை கீழே அமுங்குவதைப் பற்றிக் கவலை வேண்டாம், மேலே தூக்குவதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

இரும்புக்கடை:

ஸ்க்ரூ கணக்கை நான் சொல்கிறேன். கடையில் "12 நம்பர்" என்று கேளுங்கள், 5.5 மி.மீ. தடிமன், தலைக்கு 8 மி.மீ. சாக்கெட். நீளம் ஷீட்டின் மேட்டு உயரத்தைப் பொறுத்தது. மேட்டில் அடிக்கிற கூரைக்கு, மேடு 28–30 மி.மீ. என்றால் 55 மி.மீ. ஸ்க்ரூ. பைப்பைத் தாண்டி மூன்று மரையாவது வெளியே தெரிய வேண்டும். பள்ளத்தில் அடித்தால் 25 மி.மீ. போதும், விலையும் குறைவு. ஆனால் தண்ணீர் ஓடுகிற வழியிலேயே ஓட்டை போட்டதாகிவிடும். பள்ளத்தில் அடிப்பது சுவர் ஷீட்டுக்குச் சரி, கூரைக்கு வேண்டாம்.

எண்ணிக்கை: ஒரு மீட்டர் அகல ஷீட் ஆறு வரும், ஒன்றுக்கு ஐந்து மேடு. மேல் கடைசி, கீழ் கடைசி பர்லினில் எல்லா மேட்டிலும்: 6 × 5 × 2 = 60. நடு பர்லின் மூன்றிலும் ஷீட்டுக்கு மூன்று: 54. இரண்டு ஓர ஷீட்டில் நடு பர்லினிலும் மேடு விடாமல் அடிக்க இன்னும் 12. மொத்தம் 126, வீணாவதையும் சேர்த்து 140. ஷீட்டும் ஷீட்டும் ஏறும் ஐந்து வரிசைக்கு ஒன்றரை அடிக்கு ஒரு சின்ன ஸ்டிச்சிங் ஸ்க்ரூ, அது ஒரு 55.

வாஷர் கறுப்பு ரப்பர் எல்லாம் ஒன்றில்லை. ஈ.பி.டி.எம். (வெயில் தாங்கும் செயற்கை ரப்பர்) என்று கேளுங்கள். சாதா ரப்பர் இரண்டு வெயில் தாங்காது, வெடித்துவிடும்.

கடற்கரைக்கு எஸ்.எஸ். 304 ஸ்க்ரூ நல்லதுதான், காசு இருந்தால் போடலாம்.

நாகை_சைட்:

இரும்புக்கடை அண்ணன் சொன்ன கணக்கு சரி. ஆனால் எஸ்.எஸ். விஷயத்தில் இந்த ஷீட்டுக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அலுமினியம்-துத்தநாகப் பூச்சோடு எஸ்.எஸ். தொட்டுக்கொண்டு உப்பு ஈரமும் சேர்ந்தால், அரிபடுவது ஸ்க்ரூ அல்ல, அதைச் சுற்றியுள்ள பூச்சு. ஸ்க்ரூ பளபளவென்று இருக்கும், ஓட்டை மட்டும் பெரிதாகிக்கொண்டே போகும். அதோடு முழு 304 ஸ்க்ரூவின் முனை இரும்புப் பைப்பைத் துளைக்கும் அளவுக்குக் கடினமில்லை. துளைப்பதற்கென்று முனை மட்டும் கார்பன் ஸ்டீலில் ஒட்டிய பைமெட்டல் ரகம் தனியாக வருகிறது. இந்த ஷீட்டுக்குக் கடலோரக் கிளாஸ் 4 பூச்சு போட்ட கார்பன் ஸ்டீல் ஸ்க்ரூவே பொருத்தம். மஞ்சளாக மின்னும் சாதா ஜிங்க் பிளேட்டிங் சில மைக்ரான்தான், உங்கள் ஊர்க் காற்றுக்கு நிற்காது.

அடிக்கும் விதமும் முக்கியம். 3 நம்பர் டிரில் முனை மொத்தம் 5 மி.மீ. இரும்பு வரை துளைக்கும், உங்கள் 2 மி.மீ. பைப்புக்குத் தாராளம். ஆட்கள் இம்பாக்ட் மிஷினை வைத்துத் தட்டித் தட்டி முறுக்குவார்கள். மெல்லிய பைப்பில் மரை பிய்ந்து ஸ்க்ரூ சும்மா சுற்றும். கிளட்ச் உள்ள ஸ்க்ரூ கன் கேளுங்கள். வாஷர் ரப்பர் இரும்பு வளையத்துக்கு வெளியே மயிரிழை தெரிய வேண்டும். ரப்பர் பிதுங்கி வழிந்தால் அதிகம், கையால் வாஷரைச் சுற்ற முடிந்தால் குறைவு. இரண்டிலுமே ஒழுகும். சரிவாக இறங்கிய ஸ்க்ரூவைக் கழற்றி அதே ஓட்டையில் அதே அளவை அடிக்காதீர்கள், அதைவிடத் தடித்த 14 நம்பர் போடுங்கள்.

மாலையில் ஷீட் மேல் கிடக்கும் இரும்புச் சுருளை மென்மையான துடைப்பத்தால் பெருக்கித் தள்ளிவிடுங்கள். ஒரு இரவுப் பனியில் அது துருவாகி ஷீட்டில் கறை பிடிக்கும். பிறகு ஷீட்டே துருப்பிடித்துவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டை நடக்கும்.

மாடிவீடு:

நன்றி அண்ணே. இன்னும் இரண்டு சந்தேகம். தூண் தலையில் டிரஸ்ஸை (கூரையைத் தாங்கும் சட்டம்) சேர்க்க வெல்டிங்குக்குப் பதில் போல்ட் போடலாமா? ஒரு பக்க பர்லின் நுனியைக் கைப்பிடிச் சுவரில் ஆங்கர் அடித்துத் தாங்கலாம் என்கிறார்கள், 4½ இஞ்ச் செங்கல் சுவர்.

ஸ்பானர்17:

கைப்பிடிச் சுவர் வேண்டவே வேண்டாம். ஆங்கர் விரிந்து பிடிக்கிற சாமான். செங்கலில் விரிந்தால் செங்கல்தான் பிளக்கும். அந்தப் பக்கமும் தூணிலேயே நிற்கட்டும்.

போல்ட் போடலாம், கழற்ற வசதி. சதுர பைப்பின் குறுக்கே நேராக ஓட்டை போட்டு முறுக்காதீர்கள். பைப் நசுங்கும், நசுங்கினால் இறுக்கமும் போய்விடும். பைப் தலையில் 8 மி.மீ. கிளீட் தகடு (இணைப்புத் தகடு) வெல்ட் செய்து, தகடோடு தகடை எம்12 போல்ட்டால் சேருங்கள். ஓட்டை 13 மி.மீ.

போல்ட் தலையில் 8.8 என்று பொறித்திருக்கிறதா பாருங்கள். முதல் எண்ணை 100ஆல் பெருக்கினால் இழுவை வலிமை, 800 மெகாபாஸ்கல். அதில் 0.8 பங்கு, அதாவது 640இல் போல்ட் நீள ஆரம்பிக்கும். எதுவும் பொறிக்காத போல்ட்டை 4.6 என்றே வைத்துக்கொள்ளுங்கள், வலிமை பாதிதான்.

இரும்புக்கடை:

இன்னொன்று. கடையில் "நாலு நூல் போல்ட்" என்று கேட்டால் அரை இஞ்ச் போல்ட் கொடுப்பார்கள், 12.7 மி.மீ., இஞ்சுக்கு 12 மரை. எம்12 வேறு, 1.75 மி.மீ. மரை. பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். அரை இஞ்ச் நட்டு எம்12 போல்ட்டில் மரை பொருந்தாது, வலிந்து ஏற்றினாலும் பிடிப்பு இருக்காது. போல்ட், நட்டு, வாஷர் மூன்றையும் ஒரே கடையில் ஒரே ரகமாக வாங்கி, அங்கேயே கையால் ஏற்றிப் பாருங்கள். ஹாட் டிப் கால்வனைஸ் போல்ட் என்றால் அதற்கென்று மரை தளர்த்தி வெட்டிய நட்டு வரும். சாதா நட்டு ஏறாது. ஏறாத நட்டை ஏற்ற மரையில் டை ஓட்டிப் பூச்சைச் சுரண்டினால் கால்வனைஸ் போட்டதே வீண்.

ஸ்பிரிங் வாஷரை மட்டும் நம்பாதீர்கள். காற்றில் ஆடுகிற இணைப்புக்கு நைலாக் நட்டு (உள்ளே நைலான் வளையம் இருக்கும்) நல்லது, ஒருமுறை கழற்றினால் புதிது போடுங்கள்.

நாகை_சைட்:

ரிட்ஜ் (கூரை உச்சி), ஓரத் தகடு வேலைக்கு 4 மி.மீ. அலுமினியப் பாப் ரிவெட், 4.1 பிட். ரிவெட் நீளம் தகடுகளின் கனத்தோடு 6 மி.மீ. சேர்த்து வர வேண்டும். மழைநீர்க் கால்வாய்த் தகட்டுக்கு மட்டும் துளையில்லாத சீல்டு ரிவெட். சிலிக்கான் நியூட்ரல் வகையாக வாங்குங்கள். வினிகர் வாசனை அடிக்கும் ரகம் துத்தநாகப் பூச்சை அரிக்கும்.